உன் எடை மெஷினைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமியார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். உனக்குக் கல்யாணமான புதிதில் நான் எழுதிய நீளமான கடிதத்துக்கு, "எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி" என்று பதில் போட்டாய். அந்தக் கடிதத்தில் நான் கால் உடைந்து படுத்திருப்பதாக எழுதியிருந்தேன். ஆகையால் நலமா இல்லையா என்பதை முதலில் சொல்லப்போவதில்லை. முழுவதும் படித்துத் தெரிந்துகொள். நின்றபடி படிக்காதே, உட்கார். என் மகனுக்குப் படித்துக் காட்டுவதானால் அவனையும் உட்காரச் சொல். கெட்ட செய்தியை நின்றுகொண்டு கேட்டால் அவன் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்வான். போன தடவை திரைச்சீலையைப் பிடித்தான், கம்பியோடு வந்தது.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிப்பது நீதான், அதுவும் நான் நினைக்காத மாதிரி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முழுதாக முடிக்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுத்துத்தான் கோணல், ஞாபகம் கோணல் இல்லை.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் இங்கே வரப்போவதாகச் சொன்னாயே, வராதே. உன்மேல் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு. நீ வருவதாகச் சொன்ன நாளிலிருந்து உன் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. அல்லது சாப்பிட்டிருக்கிறாள், இரண்டும்தான். அது எப்படி இரண்டும் என்பதுதான் இந்தக் கடிதம். அவளைச் சிட்டு என்று நான் கூப்பிடுவது உனக்குப் பிடிக்காது, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்பாய். இப்போது பள்ளிக்கூடம் இல்லை, யூனிவர்சிட்டி. அதனால் சிட்டு என்றே எழுதுகிறேன்.

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சிட்டு சொன்னதும், இரண்டாம் வருடத் தொடக்கத்தில் இந்தச் சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, சமைத்துப்போட என்னை அனுப்பினாய். அனுப்பினாய் என்றுதான் எழுதுவேன். "உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும் அத்தை" என்று நீ கேட்டபோதே என் பெட்டி கதவருகே நின்றுகொண்டிருந்தது. போகட்டும். வந்த இடம் எனக்குப் பிடித்துத்தான் போயிற்று. சிட்டு படிப்பது ஊட்டச்சத்துப் படிப்பு என்பதால் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறாள், தட்டைக் கோடு போட்டுப் பிரித்துப் பல நிறம் தீட்டிய படம். அதில் பாதி காய்கறி, கால்வாசி பருப்பும் முட்டையும், கால்வாசி சோறு. நான் வடிக்கும் சோற்றை அவள் சோறு என்று சொல்வதில்லை, மாவுச்சத்து என்கிறாள். வாரத்தில் ஒரு நாள் யூனிவர்சிட்டி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் துண்டுத்தாள் கொடுக்கிறாள். நான் ஒருநாள் தூரத்தில் நின்று பார்த்தேன். எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் தெரியுமா. அப்படிப் பேசுகிற பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று எந்தக் கிழவிக்குத்தான் தோன்றும்.

இந்த நேரத்தில்தான் உன் பார்சல் வந்தது. வீடியோவில் பார்த்தபோது சிட்டுவின் முகம் உப்பித் தெரிந்ததாம். ஆகையால் ஒரு எடை மெஷின். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை அதில் ஏற்றி, காட்டுகிற எண்ணை உனக்குப் போனில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. பெட்டியைப் பிரித்ததும் சிட்டு அதைப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. வெளியே வந்து, "நான் ஏறமாட்டேன் பாட்டி" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு ஏற்றியிருப்பேன். அந்தப் பிள்ளை எனக்கு எதிர்வார்த்தை பேசியதே இல்லை என்பதால் எனக்குக் கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமையோ வந்துவிட்டது, உன் போனும் வந்துவிட்டது. "எவ்வளவு அத்தை?" என்கிறாய். ஏறவில்லை என்று சொன்னால் நீ அவளைக் கூப்பிடுவாய், அவள் அழுவாள், நீ வண்டி ஏறி வந்துவிடுவாய். ஆகவே போனைக் காதில் வைத்தபடியே நான் ஏறினேன்.

இதைப் பொய் என்று சொல்லாதே. மெஷின் காட்டிய எண்ணைத்தான் சொன்னேன். யார் ஏறியது என்று நீ கேட்கவில்லை. நானும் அவளும் ஏறக்குறைய ஒரே உயரம்தான், அவளுக்கு வயது குறைவு, எனக்குப் பல் குறைவு. சேலைக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டேன். கேட்டதும் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "அய்யோ, இவ்வளவா? இந்த வயசுல இவ்வளவு இருந்தா எப்படி அத்தை? சோத்தைக் குறைங்க." என் எடையை என் காதிலேயே திட்டினாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண் குறைந்திருந்தது, உன் குரல் குளிர்ந்தது. உன் குரல் குளிர்ந்ததைக் கேட்டு எனக்கு இன்னும் வயிறு எரிந்தது, அதில் இன்னும் கொஞ்சம் குறைந்தேன். இப்படியே வாராவாரம் நான் மெலிந்துகொண்டு வந்தேன், நீ உன் பெண் மெலிகிறாள் என்று பூரித்துக்கொண்டு வந்தாய்.

அதே சமயத்தில் வீட்டில் தின்பண்டம் காணாமல் போக ஆரம்பித்தது. காலையில் வாங்கிய ரொட்டி மாலையில் இல்லை. பிஸ்கட் டப்பாவைத் தூக்கினால் காற்றாக இருக்கிறது. ஒருநாள் கடையில் ஒரு முழு கேக் வாங்கி வைத்துவிட்டு, துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போய் வந்து பார்த்தால் அட்டைப்பெட்டி மட்டும் மூடியபடி அழகாக உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. சிட்டு அறையில் கதவைச் சாத்திப் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் தொட்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தார், குழாய் ஒழுகுகிறதென்று நான் கூப்பிட்ட பிளம்பர். வேறு யாரை நினைப்பேன், நீயே சொல். "கேக் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அந்த மனுஷன் நான் உபசாரம் செய்வதாக நினைத்து, "வேணாம்மா, எனக்கு சுகர், இனிப்பு தொடறதில்ல" என்றார். தொடாதவர் மீசையில் கிரீம் எப்படி வந்தது என்றேன். அது குழாய் இடுக்கில் பூசுகிற வெள்ளைப் பசை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவர் எழுந்து நின்று, எத்தனையோ வீட்டில் குழாய் மாட்டியிருப்பதாகவும், ஒரு வீட்டிலும் கேக் தின்ற பேர் வாங்கியதில்லை என்றும் சொல்லிவிட்டு, கழற்றிய குழாயைக் கழற்றியபடியே விட்டு, கோபத்தில் தன் ஸ்க்ரூ டிரைவரையும் மறந்து, போய்விட்டார். கீழ்வீட்டில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறாள், வீட்டு முன்னறையிலேயே வைத்தியம். நம் வீட்டுத் தண்ணீர் தளத்தில் இறங்கி, அங்கே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருந்த ஒரு பெரியவர் வாயிலேயே சொட்டியிருக்கிறது. அவர் அதையும் வைத்தியத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கொப்பளித்துத் துப்பினாராம். டாக்டரம்மா மேலே வந்து பேசியதை இங்கே எழுதமாட்டேன், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

குழாய்க்கடியில் வாளியை வைத்துச் சமாளித்தேன், ஆனால் பிளம்பர் போன பிறகும் ரொட்டி போய்க்கொண்டே இருந்தது. சரி, ஆள் வெளியில் இல்லை என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தின்பண்டம் முழுவதையும் அலமாரிக்குள் வைத்து, கடையில் போய் ஒரு பூட்டு வாங்கி மாட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். சிட்டு பூட்டைப் பார்த்தாள், என் இடுப்பைப் பார்த்தாள். மேசையில் வைத்த சோற்றை ஒதுக்கிவிட்டு வெள்ளரிக்காய்த் துண்டை மட்டும் கொறித்தாள். கேட்டால் கேன்டீனில் ஆயிற்று என்பாள். வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவாள், உடனே மன்னிப்புக் கேட்பாள். பரீட்சை நெருங்குகிறது, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் போன். எண்ணைக் கேட்டதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொன்னாய், போட்டேன். சிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். நீ பேசியது இதுதான்: "சபாஷ்டா தங்கம். அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்பத்தான் எனக்கு மூச்சு வருது. அடுத்த மாசம் வரேன், அந்தப் பச்சை டிரெஸ்ஸக் கொண்டு வரேன், இப்ப கச்சிதமா இருக்கும் உனக்கு." நல்ல மனசோடுதான் சொன்னாய், அதை நான் மறுக்கவில்லை. சிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் ஏதோ எண்ணை வாய்க்கு வந்தபடி சொல்லி அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். நானும் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று கீழே போனேன். அவள் ஒருவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்ததால் அந்த நேரம் பார்த்து மன்னிப்புக் கேட்பது சரியில்லை என்று உடனே திரும்பி வந்துவிட்டேன். வந்தால் சமையலறையில் சிட்டு. அலமாரிக் கதவு திறந்திருந்தது. பூட்டு பூட்டினபடியே தொங்கியது. அது மாட்டியிருந்த தகட்டையே பிளம்பர் விட்டுப்போன ஸ்க்ரூ டிரைவரால் கழற்றியிருக்கிறாள். தரையில் உட்கார்ந்து, ரொட்டியையும் சீனியையும் வேகவைக்காத நூடுல்ஸையும் மாற்றி மாற்றி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். மருமகளே, பசியில் சாப்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பசியில் சாப்பிடுகிறவர்களுக்கு முகத்தில் ஒரு ஆறுதல் இருக்கும். இவள் முகம் யாரோ துரத்தி வருகிற மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, வாய் மென்றுகொண்டே இருக்கிறது. என் வாயில் வந்தது, "தட்டுல போட்டுத் தரட்டுமா கண்ணு?"

அப்போதுதான் நிறுத்தினாள். "பசி இல்ல பாட்டி. ஆரம்பிச்சா நிறுத்த முடியல."

நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஹாஸ்டலில் இருந்தபோதே, முதல் வருடப் பரீட்சை சமயத்தில் இது ஆரம்பித்ததாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உன்னிடம் சொன்னது இதைத்தானாம். நான் வந்த பிறகு கொஞ்சம் அடங்கியிருந்ததாம். மெஷின் வந்ததும் திரும்பியது. அன்றைக்கு நீ சபாஷ் சொன்னாயே, அதற்குப் பிறகு பகலெல்லாம் பட்டினி. "அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க பாட்டி. வந்து பார்த்தா ஏமாந்து போயிடுவாங்க. அதுக்குள்ள நீங்க சொன்ன நம்பருக்கு வந்துடணும்னு பார்த்தேன்." நான் சொன்ன நம்பர். என் நம்பர். வயதான காலத்தில் மனக்கஷ்டத்தில் இளைத்த ஒரு கிழவியின் நம்பருக்கு வந்து சேர உன் பெண் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறாள். இனிமேல் எழுத்து இன்னும் கோணும்.

மறுநாளே யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வயிற்றில் பூச்சி இருக்கலாம், மருந்து கொடுங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அங்கே இதற்கென்று ஒரு ஆலோசகர் இருக்கிறாள். சின்னப் பொண்ணு, கேன்வாஸ் ஷூ போட்டிருக்கிறாள், பார்த்தால் பெரிய படிப்புப் படித்த மாதிரி தெரியவில்லை. வந்ததும் வராததுமாக என்னை வெளியே உட்காரச் சொன்னாள். அது நான் மறக்கக்கூடிய விஷயமில்லை. ஆனாலும் அவள் சொன்னதெல்லாம் சரி, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சிட்டுவிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு, அவள் சம்மதம் கேட்டுக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டாள். இது பேராசையும் இல்லை, திமிரும் இல்லை, பூச்சியும் இல்லை, நோய் என்றாள். பகல் முழுக்க வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு பயந்துபோகிறது, கிடைத்ததும் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறது, தின்ற பிறகு வெட்கம் வருகிறது, வெட்கம் வந்ததும் மறுபடி பட்டினி, இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும் என்றாள். ஊட்டச்சத்துப் படிக்கிற பிள்ளைக்கே இப்படி வரலாமா என்று கேட்டேன். அதே வகுப்பிலிருந்து இன்னும் சிலர் தன்னிடம் வருகிறார்கள் என்றாள். யார் யார் என்று கேட்டேன், சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டேன், அப்போதும் சொல்லவில்லை. கெட்டிக்காரி.

பூட்டுப் போட்டதைச் சொன்னேன். நல்லது செய்தேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். "சாப்பாட்டுக்குப் பூட்டுப் போட்டா மனசு பூரா சாப்பாடாத்தான் இருக்கும் பாட்டி" என்றாள். அதன் பிறகு மெல்ல, "வீட்ல யாரு வெயிட் பார்க்கிறது?" என்று கேட்டாள். சிட்டு குனிந்துகொண்டாள். நான் அங்கே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அது போன வருடத்துக் காலண்டர், ஒத்தாசைக்கு வரவில்லை. "நான்தான் ஏறினேன்" என்றேன். சிட்டு நிமிர்ந்து, "நீங்களா? அப்ப அந்த நம்பரெல்லாம் உங்களோடதா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அம்மா சபாஷ் சொன்னது உங்களுக்கா?" ஆமாம் என்றேன். அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், ஆனால் என் கையைப் பிடித்துப் பார்த்து, "நீங்க ஏன் பாட்டி இப்படி இளைச்சுப் போனீங்க?" என்றாள். ஆலோசகர் எனக்கும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நோயாளியாக வீடு திரும்பினோம்.

பிளம்பரை நேரில் போய்க் கூட்டி வந்தேன். பெரிய மனுஷன், மன்னிப்புக் கேட்டதும் வந்துவிட்டார். குழாயைச் சரிசெய்தார், அலமாரியில் பூட்டு மாட்டிய தகட்டையும் எடுத்துவிட்டார். எடுத்துக்கொண்டே, கேக் தின்றது யாரென்று தெரிந்ததா என்று கேட்டார். பிள்ளையை எப்படிக் காட்டிக்கொடுப்பேன், எலி என்று சொல்லிவிட்டேன். முழு கேக்கைத் தின்கிற எலி என்றால் சாதாரண எலி இல்லை என்று அவர் கவலைப்பட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சாயங்காலம் பெரிய எலிப்பொறி ஒன்று கொண்டு வந்து அலமாரி அடியில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுப்பதற்குள் சிட்டு வந்துவிட்டாள். பொறியைப் பார்த்தாள். "இது எனக்கா பாட்டி?" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீ பார்த்திருந்தால் உன் புருஷன் யாருக்குப் பிறந்தவன் என்று புரிந்திருக்கும். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். வெகுநாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். மீசையில் பசை என்ற இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதே, நானும் நினைக்கவில்லை. இப்போது காலை, மதியம், இரவு மூன்று வேளையும், நடுவில் கொஞ்சமும், நேரத்துக்கு மேசையில் உட்கார்ந்து நானும் அவளும் சேர்ந்து சாப்பிடுகிறோம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் உட்கார வேண்டும். என்ன, எவ்வளவு என்று நான் பேசக்கூடாது. பாதித் தட்டு மிஞ்சினாலும் பேசக்கூடாது. பேசாமல் சாப்பிடுவது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும். நடுவில் ஒருநாள் மறுபடி நடந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அவளாகவே என் அறைக்கு வந்து, "இன்னிக்கு மறுபடியும் ஆயிடுச்சு பாட்டி" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளாக வந்து சொன்னதுதான் பெரிய விஷயம் என்கிறாள் ஆலோசகர். எனக்கு அப்படி மனசு சமாதானமாகவில்லை. ஃபிரிட்ஜ் கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். எட்டிப் பார்க்கவும் கூடாதாம். பாயைச் சுருட்டுகிற மாதிரி, சுருட்டாமல் பிரிக்கிற மாதிரி, ஏதாவது செய்துகொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருக்கிறேன்.

ஆகவே வராதே என்கிறேன். நீ தேதி சொன்னதிலிருந்து அவள் காலை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே விடுகிறாள். நீ வாசலில் நின்று முதலில் அவள் முகத்தைப் பார்ப்பாய், பிறகு இடுப்பைப் பார்ப்பாய், பிறகுதான் செருப்பைக் கழற்றுவாய். நீ ஒன்றும் சொல்லாவிட்டாலும் உன் கண் சொல்லும். போனிலும் முகம் உப்பியிருக்கிறது, முகம் வாடியிருக்கிறது என்று பேசாதே. முகத்தை விட்டால் பேச வேறு என்ன இருக்கிறது என்று திகைப்பாய். பாடம் எப்படிப் போகிறது என்று கேள், யாரோடு சினிமா போனாள் என்று கேள், என்னைப் பற்றிக் குறை சொல்லேன், அதற்கு உன்னிடம் சரக்குக் குறைவா என்ன. பச்சை டிரெஸ்ஸை யாருக்காவது கொடுத்துவிடு. உன் மெஷினை அது வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். உன் கல்யாணத்தன்று பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வாய் நீ சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தாய். உன் அக்கா உன் காதில் ஏதோ சொன்னாள், நீ சேலையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாய். மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை, அவ்வளவு திமிர் என்று நான் இத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். நேற்று சிட்டு தட்டில் ரொட்டியைப் பிய்க்கும்போது அந்தப் பந்தி அப்படியே கண்ணில் வந்து நின்றது. அதே கை, அதே மாதிரி விரல். அன்றைக்கு உன் அக்கா என்ன சொன்னாள்? பதில் எழுத வேண்டும் என்றில்லை. ஆனால் யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள் என்று இப்போது எனக்குப் படுகிறது. அதனால் அந்த ஒரு கோபத்தை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றவை இருக்கின்றன.

என் மகனுக்கு என் ஆசி. பிடித்த சாமானை இப்போது விடச் சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள், பார்த்துக்கொள் என்றால் கண்ணாடியில் பார்க்கச் சொல்லவில்லை. நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எனக்குப் பதில் சொல்லவேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. நலம் பற்றி ஆரம்பத்தில் எழுதாமல் விட்டேனே, அது இன்னும் எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் மாமியார்

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டுவதற்கு டேப் தேடிக்கொண்டிருந்தபோது சிட்டு கடிதத்தைப் பார்த்துவிட்டாள். தன்னைப் பற்றி எழுதியதை அவள் படிப்பதுதான் நியாயம் என்று கொடுத்துவிட்டேன். நின்றபடியே முழுவதையும் படித்தாள். பந்தி விஷயம் வந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். "இதை நானே அம்மாகிட்ட சொல்றேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீயும் அவளும் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க முயற்சி செய்தேன், ஃபிரிட்ஜ் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. முதலில் அழுகை கேட்டது. கடைசியில் சிரிப்பு, அது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும், குறித்து வைத்துக்கொண்டேன். வெளியே வந்தவள், நீ வருவதை நிறுத்த வேண்டாம், அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே வரச் சொல்லியாயிற்று என்கிறாள். ஆக, இந்தக் கடிதம் உன் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது நீ இங்கே இருப்பாய். வராதே என்று மேலே எழுதியதை நீ கிளம்புவதற்கு முன் படிக்கப்போவதே இல்லை. ஆனாலும் இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அனுப்புகிறேன். சிட்டு இன்னொன்றும் சொன்னாள், அதை உன்னிடம் நேரிலும் சொல்வேன். அவள் நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நின்றுகொண்டே ஏதோ கொறிப்பாயாம், உட்கார்ந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லையாம். மேசைக்கு மூன்றாவது நாற்காலி ஒன்றைக் கீழ்வீட்டு டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்து போட்டிருக்கிறாள். பசியோடு வா.